சுவருக்கு வெளியே இடது

எங்கள் வெளுப்பு ஆலையின் தெருப்பக்கச் சுவரில் இரண்டு குழாய் வாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இடுப்பு உயரம். இரண்டுக்கும் நடுவே நாலு முழம். இரண்டும் ஒரே அளவு, ஒரே மரை, ஒரே மூடி. ஒன்று ஆசிட் தொட்டிக்குப் போகிறது, மற்றது பிளீச் தொட்டிக்குப் போகிறது. டேங்கர் லாரி உள்ளே வந்து திரும்ப இடமில்லை என்று, தெருவில் நின்றபடியே சரக்கை இறக்கிவிட்டுப் போக யாரோ ஒரு மகராசன் அப்படிக் கட்டிவைத்துவிட்டான்.

அதது அதன் தொட்டியில் விழுந்தால் ஒன்றுமில்லை. மாறி விழுந்தால் உள்ளே இரண்டும் கலந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை கிளம்பும். சாதாரணப் புகை மாதிரி அது மேலே போகாது. தரையோடு தரையாக, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து ஓடும். எங்கள் ஆலையில் பள்ளமான இடம், தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பீப்பாய் கழுவும் கொட்டகை. அங்கேதான் நானும் என் மனைவியும் இன்னும் ஐந்து பெண்களும் வேலை பார்க்கிறோம்.

சரக்கு இறக்குவது என் தங்கை புருஷன். பதினெட்டு வருஷமாக அவன் ஒருத்தன்தான். மாப்பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஆசிட் வாயின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தான். கிழிந்துபோனால் புதுசு கட்டுவான். என் தங்கையின் பழைய புடவையிலிருந்து கிழித்ததாகத்தான் இருக்கும். "உன் தங்கச்சி எங்க இருக்காளோ அங்க ஆசிட்டு. ரொம்பப் பொருத்தம் மச்சான்" என்பான். அவள் காதில் விழுந்த அன்று அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது.

எனக்கும் நாற்பத்தேழு வயதுவரை எழுத்து தெரியாது. சங்கத்து அறையில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள், போனேன். மாப்பிள்ளையையும் கூப்பிட்டேன். "இனிமே படிச்சு நான் என்ன கலெக்டராவா போகப்போறேன்" என்று தட்டிக்கழித்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் புதுச் சட்டம் வந்துவிட்டது என்று படிவம் ஒன்று கொடுத்தார்கள். ஆசிட் கையாள்கிறவர்களுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'வாசிக்கத் தெரியுமா' என்ற இடத்தில் 'தெரியும்' என்று எழுதினேன். அவன் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆய்வுக்கு ஓர் அம்மா வந்தார். முன்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாம் மேனேஜர் அறையில் குளிர்ச்சியாக எதையாவது குடித்துவிட்டுப் போனவர்கள். இந்த அம்மா தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நேராகத் தெருப்பக்கம் போனார். இரண்டு வாய்களையும் பார்த்தார். ஒன்றின் மூடியைக் கழற்றி மற்றதில் மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"ரெண்டும் ஒரே அளவு. எந்தக் குழாயையும் எதுல வேணாலும் மாட்டலாம். இதுக்கு என்ன பாதுகாப்பு வச்சிருக்கீங்க?"

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சிவப்புத் துணியைக் காட்டினான்.

"துணியா?"

"பதினெட்டு வருஷமா இதாங்க."

அந்த அம்மா அவனைத் திட்டவில்லை. "நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா நீங்க ஒரு நாள் லீவு போட்டா இந்தத் துணிக்கு என்ன அர்த்தம்னு யாருக்குத் தெரியும்?" என்றார். ஒரு வாயை வேறு அளவுக்கு மாற்ற வேண்டும், முப்பது நாள் கெடு, அதுவரை பெரிய எழுத்தில் பெயர்ப் பலகை என்று எழுதிக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து கனமான ஒரு புத்தகத்தை எடுத்து மேனேஜர் கையில் வைத்தார். "நடக்க இருந்து நடக்காம போனது எதுவா இருந்தாலும் இதுல எழுதணும். யார் வேணாலும் எழுதலாம். எழுதினவங்களுக்கு ஒண்ணும் ஆகாது." மேனேஜர் பவ்யமாக வாங்கி, ஆபீஸ் வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அப்புறம் அதன் பக்கம் யாரும் போகவில்லை.

மறுநாளே சுவருக்கு வெள்ளையடித்தார்கள். குழாய்களுக்கு நீலம் பூசினார்கள். துணியை அறுத்துக் குப்பையில் போட்டார்கள். பலகைகள் அச்சாகி வந்தபோது மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்து, "தொழிலாளிங்கள்ல எழுத்து தெரிஞ்ச ஆள் யாருய்யா?" என்றார். என்னை முன்னால் தள்ளினார்கள். ஐம்பது வயதில் ஒருத்தன் முதுகில் தட்டிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை அன்று விடுப்பு. நான் தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்று உள்ளே தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றேன். தொட்டிகளின் மேல் பழைய எழுத்து மங்கலாக இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இடது கைப்பக்கம் ஆசிட். வலது கைப்பக்கம் பிளீச். மறந்துவிடக் கூடாது என்று இரண்டு உள்ளங்கையிலும் பேனாவால் எழுதிக்கொண்டேன். சுவரைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனேன். இடது பக்கம் ஆசிட் பலகை, வலது பக்கம் பிளீச் பலகை. கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டு, தள்ளி நின்று வாசித்துப் பார்த்தேன். எழுத்துகள் நேராக இருந்தன. பிட்டர் வந்து நான்கு மூலையிலும் ரிவெட் அடித்தான். மேலே ஒரு கேமரா வைத்தார்கள். படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் ஆசிட் லாரி வந்தது. ஓட்டி வருகிறவனை நாங்கள் விசில் என்போம். அவன் வாய் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு மெட்டை அடித்துக்கொண்டே இருக்கும். மாட்டுவது மாப்பிள்ளை வேலை என்று, அவன் எப்போதும்போலக் குழாயை இறக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். நான் கைவண்டியில் கழுவின பீப்பாய்களைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். மாப்பிள்ளை குழாயை வலது வாயில் முடுக்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு உயிரே போய்விட்டது. "மாப்ள! டேய்! போர்டப் பாருடா!"

"என்ன போர்டு?"

"அது பிளீச்சுடா! எழுதியிருக்கு!"

"எழுதியிருந்தா? இதான் ஆசிட்டு."

"நான் மாட்டுன போர்டு மாப்ள. படிச்சுப் பாத்து மாட்டினேன். உனக்குத் தெரியலேன்னா தெரிஞ்சவன்கிட்ட கேளு."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை. குழாயை விட்டுவிட்டுச் சுவரோரம் குனிந்தான். வெள்ளையடித்த சுவரில் விரலால் தடவினான். "இங்க கைய வை. விரிசல் இருக்கா? பதினெட்டு வருஷமா ஆசிட்டு சொட்டிச் சொட்டி அரிச்ச இடம். சுண்ணாம்பு பூசினா மறைஞ்சிடுமா? அந்தப் பக்கம் தடவிப் பாரு, வழுவழுன்னு இருக்கும்."

தடவினேன். வழுவழுவென்றுதான் இருந்தது.

"நீ எங்க நின்னு படிச்ச?"

"உள்ள. தொட்டிக்கு முன்னாடி. இடது கைப்பக்கம்..."

சொல்லிக்கொண்டே இடது கையைத் தூக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன். சுவருக்கு உள்ளே நின்று தெருவைப் பார்த்தால் இடது. தெருவில் நின்று சுவரைப் பார்த்தால் அதே இடம் வலது. மூன்று நாள் முன்னால் எழுதின மை உள்ளங்கை ரேகையில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"படிப்பு வந்ததும் கை எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு பாத்தியா" என்று மாப்பிள்ளை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வால்வைத் திறந்தான். ஆசிட் அதன் தொட்டிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

"மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"என்னன்னு?"

"போர்டு மாறிப்போச்சுன்னு."

"கேப்பாங்கல்ல, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு? இவன் போர்டைப் பாக்காம மாட்டினான், அதனாலன்னு சொல்லுவியா? ஏன் பாக்கலன்னு அடுத்து கேப்பாங்க. என் பாரத்துல 'தெரியும்'னு எழுதினது யாரு மச்சான்?"

ராத்திரி யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாமா என்றேன். ரிவெட்டைக் காட்டினான், கேமராவைக் காட்டினான். டிரில் எடுக்கச் சீட்டு வேண்டும். சீட்டில் காரணம் எழுத வேண்டும்.

"முப்பது நாள்ல வாயையே மாத்தப்போறாங்க. அப்ப இந்தப் போர்டெல்லாம் தன்னால போயிடும். அதுவரைக்கும் இறக்கறது நான்தானே? போர்டு பொய் சொன்னா சொல்லட்டும். என் கை பொய் சொல்லாது."

விசில் டீக்கடையிலிருந்து மெட்டடித்துக்கொண்டு வந்தான். நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. ஆலைக்கு வந்ததும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பேன். கொட்டகையிலிருந்து வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு தெருப்பக்க வாய்களுக்கு எத்தனை அடி என்று நடந்து எண்ணினேன். நூற்று நாற்பது. ஆபீஸ் வாசலில் அந்தப் புத்தகம் கயிற்றில் தொங்கும். இரண்டு முறை பக்கத்தில் போனேன். ஒரு முறை பிரித்தும் பார்த்தேன். உள்ளே எல்லாம் வெள்ளை. கட்டம் கட்டமாகக் கேள்விகள். என்ன நடந்தது, எங்கே நடந்தது, முதலில் தெரியவந்த நாள் எது, வேறு யாருக்குத் தெரியும். சூப்பர்வைசர் வந்தார். "என்ன, படிச்சுப் பழகறியா?" என்றார். ஆமாம் என்றேன்.

என் மனைவி தொட்டிக்குப் பக்கத்து மேடையில்தான் எப்போதும் கழுவுவாள். அவளைப் பின்வாசல் பக்கம் வந்து உட்காரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"அங்க காத்து நல்லா வருது."

"இருபத்தாறு வருஷமா வராத காத்து." மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களாடி? இந்த மனுஷனுக்கு என் மேல அக்கறை வந்துடுச்சு. டாக்டர்கிட்ட காட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று சாயங்காலமே என் தங்கையிடம் போய் நிற்பாள், மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் நிற்பாள். அவள் அப்படித்தான். அதனால்தான் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம், பத்து மணி இருக்கும். மாப்பிள்ளை கொட்டகைக்கு ஓடிவந்தான். அவன் மகளுக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

"இன்னைக்கு லாரி?" என்றேன்.

"இன்னைக்குக் கிடையாது. நாளைக்குத்தான். விசாரிச்சிட்டேன். நாளைக்குக் காலையில வந்து நிப்பேன், போதுமா?" என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? நீ தாத்தா ஆகப்போற."

போய்விட்டான். நான் பீப்பாய்களை உருட்டினேன். காற்று தொட்டிப் பக்கமிருந்து கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தது. பெண்கள் பெயர் வைக்கிற பேச்சில் இருந்தார்கள். சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

விசில் சத்தம்.

முதலில் நம்பவில்லை. தெருவில் போகிற யாராவது இருக்கும் என்று நினைத்தேன். பிறகு லாரி பின்னால் வருகிற டிக் டிக் ஓசை. பிறகு குழாயைத் தரையில் போடும் சத்தம். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். இறக்குகிற ஆள் இல்லை. ஆனால் சுவரில்தான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறதே. அவன் பத்தாவது படித்தவன்.

கத்தினேன். இடையில் நாலு முழ உயரச் சுவர், அந்தப் பக்கம் லாரி இரைச்சல். என் குரல் அவனுக்கு எட்டவில்லை. கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஓடினால் நூற்று நாற்பது அடி. அதற்குள் திறந்துவிட்டால், புகை முதலில் வருவது இங்கே.

திரும்பினேன். "எல்லாரும் எழுந்திருங்க. பின்வாசல் வழியா எடைமேடைக்குப் போங்க. மேட்டுக்குப் போங்க. போங்கன்னா போங்க!"

"என்னாச்சுங்க?"

"போர்ட நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

அவளுக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பிரஷைக் கீழே போட்டாள். "ஏய், துணிய நனைச்சு மூக்குல கட்டுங்கடி. வாங்க. பாத்திரத்தை விடு, சனியன் அது கிடக்கட்டும்." அவள் குரல் பின்னால் கேட்க நான் ஓடினேன்.

அறுபது அடிவரை விசில் சத்தம் கேட்டது. அதே மெட்டு. தொண்ணூறு அடியிலும் கேட்டது. வாசலைத் தாண்டித் திரும்பினேன். அப்போது நின்றது.

தெருவில் லாரி நின்றது. குழாய் இடது வாயில் மாட்டியிருந்தது. வால்வு பாதி திறந்திருந்தது. சுவரைவிட உயரமான தொட்டியின் வாயிலிருந்து, சுவருக்கு மேலே, பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஒன்று மெதுவாக எட்டிப் பார்த்தது. அவசரமே படாமல் சுவர் மேலாக வழிந்து இறங்கியது. விசில் சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தான். என்னைப் பார்த்துப் பலகையைக் கை காட்டினான். எதற்கு என்று எனக்குத் தெரியும். எழுதியிருக்கிறபடிதான் செய்தேன் என்கிறான்.

சட்டையைக் கழற்றி முகத்தில் சுற்றிக்கொண்டு வால்வை மூடினேன். எத்தனை சுற்று என்று நினைவில்லை. கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசினது போல் இருந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் ஆணி இறங்கியது. அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். காற்றுக்கு எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தார். பின்னால் ஆலைச் சங்கு ஊத ஆரம்பித்தது.

தலை முதல் கால்வரை மூடிய உடுப்பில் ஆட்கள் வந்தார்கள். தண்ணீரைத் திரைபோல் பீய்ச்சிப் புகையை அமுக்கினார்கள். தெருவில் இருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். எடைமேடையில் ஆறு பெண்களையும் எண்ணினேன், இரண்டு முறை எண்ணினேன். எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. விசிலை வண்டியில் ஏற்றியபோது அவன் உதடு குவிந்திருந்தது. காற்றுக்காக.

அந்த அம்மா மூன்று மணிக்கு வந்தார். மேனேஜரிடம் புத்தகத்தைக் கேட்டார். கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரித்தார். எல்லாம் வெள்ளை. "ஒண்ணுகூட இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் எழுதறேன்" என்றேன். தொண்டை கிழிந்த குரலில் எனக்கே அது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

மேனேஜர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். தோளில் கை போட்டார். "எழுது. போர்டு மாறியிருந்தது, இன்னைக்குத்தான் தெரிஞ்சதுன்னு எழுது. முதல்ல தெரிஞ்ச நாள்ங்கிற இடத்துல இன்னைய தேதிய போடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. விசில் பொழைச்சுப்பான்."

"பொழைச்சுப்பானா?"

அவர் தன் பேனாவை என் கையில் வைத்தார்.

வாசல்படியில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை வைத்தேன். என்ன நடந்தது என்ற இடத்தில் எழுதினேன். எழுத்துகள் கோணல் மாணலாக வந்தன. பலகையை மாட்டியது நான் என்று எழுதினேன். அடுத்த கட்டத்துக்கு வந்தேன். முதலில் தெரியவந்த நாள். பேனா அங்கேயே நின்றது. அப்போது பையில் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், பொண்ணு! நல்லா இருக்காங்க ரெண்டு பேரும். அழுகை சத்தம் கேக்குதா? கேளு."

கேட்டது. நான் இருமினேன்.

"என்ன மச்சான், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னேன். லாரி, விசில், புகை, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"புத்தகத்துல எழுதறேன் மாப்ள. முதல்ல தெரிஞ்ச நாள் எதுன்னு ஒரு கட்டத்துல கேக்கறாங்க, வேற யாருக்குத் தெரியும்னு இன்னொண்ணுல."

"தேதியச் சரியா போட்டியா?" என்று கேட்டான்.

"இன்னும் போடல."

"போடு. என் பேரையும் போடு. போட்டுட்டு எனக்குப் படிச்சுக் காட்டு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அதையும் சேர்த்து எழுது."

எழுதினேன். தேதி பதினொரு நாள் முந்தையது. மேனேஜர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி பக்கத்தில் வந்து நின்று, புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். அந்தத் தேதி மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவேயில்லை.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.